ஆறு நாள் என்னிடம் இருந்த போன்

குளிர் தொடங்கினால் எனக்கு இடது தோள் பிடித்துக்கொள்ளும். பன்னிரண்டு வருடம் சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்கியதில் மிஞ்சியது இந்த வலிதான். கால் மணி நேரம் உட்கார்ந்து எழுதினால் கை மரத்துப் போகிறது. எழுந்து உதறிவிட்டு மறுபடி உட்கார வேண்டும். அதனால்தான் தம்பி, உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று நாள் ஆனது. மனசு உறுத்தி எழுத வரவில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் இரண்டே கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். யாரோ அனுப்பி வைத்த என் குறும்படத்தைப் பார்த்தீர்கள். அதில் போனில் பேசுகிற குரல் உங்களுடையது. அது எப்படி அங்கே வந்தது என்பது ஒன்று. உங்கள் அண்ணன் இப்போது எங்கே இருக்கிறார் என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள். வரிசையாகச் சொல்கிறேன்.

உங்கள் அண்ணனும் நானும் ஒரே அறையில் இருந்தோம். மேலும் கீழுமாக நான்கு அடுக்குக் கட்டில், எட்டுப் பேர். வாடகை ஒப்பந்தம் என் பேரில் இருந்ததால் அறையில் என் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. அண்ணன் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை இஸ்திரி அண்ணன் என்போம். நீராவி பட்டுப் பட்டு அவருடைய இரண்டு முன்கையிலும் முடி கிடையாது. "ஒவ்வொருத்தன் காசு கொடுத்து எடுக்குறான், எனக்கு சம்பளத்தோட எடுத்து விடுறாங்க" என்பார்.

என் அப்பா கல் உடைத்தவர். அம்மா செங்கல் சுமந்தவள். வேலை செய்கிறவனின் முகத்தை நான் பிறந்ததிலிருந்து பார்த்தவன். சினிமாவில் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. அங்கே எல்லோரும் அழகாகக் கஷ்டப்படுகிறார்கள். அதனால் கிடங்கில் உழைத்த காசைச் சேர்த்து நானே ஒரு படம் எடுப்பது என்று முடிவு செய்தேன். பிழைக்க வந்த நாட்டில் யாரும் பக்கத்தில் சேர்க்காத, வீடும் மெல்ல மறந்துபோகிற ஒருவனைப் பற்றிய படம். பதினெட்டு நிமிடம். அதற்கு உங்கள் அண்ணன்தான் சரி என்று பட்டது.

காரணம் இருக்கிறது. பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகத்தான் இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வருவார்களே தவிர உட்கார மாட்டார்கள். அண்ணன் தன் பையை எடுத்து அந்த இருக்கையில் வைப்பார். "பாரு டைரக்டரே, நமக்கு ரெண்டு சீட்டு. முதலாளி கணக்கா" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து எடுத்துவிட்டால் படம் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைத்தேன்.

ஆனால் அந்தச் சிரிப்பை எடுப்பது சுலபமாக இல்லை. முதல் ஞாயிறு முழுக்க அவரைக் கட்டிலில் உட்கார வைத்து எடுத்தோம். அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்க வந்தவர் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். அழச் சொன்னால் மூக்கை உறிஞ்சினார். கேமராக்காரன் கல்யாண வீடியோ எடுக்கிற கடையில் வேலை செய்கிறவன், ஞாயிறு மட்டும்தான் அவனுக்கும் கேமராவுக்கும் ஓய்வு. அவனே சிரித்துவிட்டான்.

அன்றைக்கு இரவு சாப்பிடும்போது காரணம் புரிந்தது. உங்கள் அண்ணன் தனியாக இல்லை. தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் உங்கள் அம்மாவிடம் பேசுவார். என்ன சாப்பிட்டாய், யார் சமைத்தது, உப்பு சரியாக இருந்ததா என்று அந்த அம்மாள் கேட்பார்; இவர் பரீட்சை எழுதுவது போலப் பதில் சொல்வார். அறைக்கு வந்தால் ஏழு பேர் கேலி பேசுவார்கள். வேலை முடிந்து பிந்தி வருகிறவனுக்குச் சோற்றுத் தட்டை இன்னொரு தட்டால் மூடி அவன் கட்டிலில் வைத்துவிடுவது எங்கள் அறையின் வழக்கம். அப்படி ஒரு மூடிய தட்டு காத்திருக்கிறவனிடம் போய்த் தனிமையைக் காட்டு என்றால் எங்கிருந்து காட்டுவான்?

திங்கட்கிழமை காலையில் கேட்டேன். ஒரு வாரம் போன் இல்லாமல் இருந்து பாருங்கள், அப்போதுதான் முகத்தில் வரும் என்றேன். அம்மா தேடுவாளே என்றார். வீட்டுக்குச் சொல்லிவிட்டு வைக்கட்டுமா என்று கேட்டார். சொல்லிவிட்டால் மனசு நிம்மதியாகிவிடும், நிம்மதி இருந்தால் நடிப்பு வராது, சொல்லாமல் வையுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் போனைக் கையில் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அவசரம்னா நீ சொல்லிடுவ இல்ல?"

"சொல்லாம இருப்பேனாண்ணே."

போனை என்னிடம் கொடுத்தார். நான் பொய் சொல்லவில்லை தம்பி. திங்கட்கிழமை அது உண்மைதான்.

அதே நாள் அறையில் மற்றவர்களிடமும் பேசினேன். ஒரு வாரத்துக்கு அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம், கேட்டால் ஆமாம், இல்லை, அவ்வளவுதான், தட்டும் மூடி வைக்க வேண்டாம் என்றேன். வெல்டர் ஒருவன் மட்டும் முரண்டு பிடித்தான். "நாய்க்குக்கூட ஒரு பிடி வைப்போம்யா" என்றான். படம் முடிந்ததும் அவருக்கே சொல்லி எல்லோரும் சேர்ந்து சிரிக்கலாம் என்று சமாதானம் செய்தேன். ஒப்பந்தம் யார் பேரில் இருக்கிறது என்பதை நான் நினைவுபடுத்தவில்லை. அவனுக்கே நினைவு இருந்தது.

செவ்வாய்க்கிழமை அண்ணன் வழக்கம் போல ஜோக் அடித்தார். யாரும் சிரிக்கவில்லை. புதன்கிழமை வேலை முடிந்து வந்து, கட்டிலைப் பார்த்தார், சமையலறைக்குப் போய்க் காலிப் பாத்திரத்தைப் பார்த்தார். கழுவின தட்டு ஒன்றை எடுத்து மறுபடி கழுவி வைத்துவிட்டுப் படுத்தார். வியாழக்கிழமை ஒவ்வொரு கட்டிலாகப் போய், "நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனாப்பா?" என்று கேட்டார். என் கட்டிலுக்கும் வந்தார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். படத்துக்காக நான் கேட்ட வாரத்தில் இதுவும் சேர்த்திதான் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றியிருந்தால் ஏன் அவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் முதல் குரல் செய்தி புதன்கிழமை மதியம் வந்தது. கிடங்கின் கழிப்பறையில் வைத்துக் கேட்டேன். அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார்கள், தலையில் அடி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உடனே கூப்பிடு என்றீர்கள்.

இங்கே நீங்கள் என்னைக் கேட்பீர்கள், அப்போதே ஏன் சொல்லவில்லை என்று. நான் அதை நிதானமாகத்தான் யோசித்தேன். சொன்னாலும் அவரால் ஊருக்கு வந்திருக்க முடியாது. சலவைக்கூடத்தில் விடுப்புக் கேட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள். வர முடியாதவனிடம் சொல்லி அவனை அறைக்குள் தவிக்க விடுவது எந்த வகையில் நல்லது என்று நினைத்தேன். நீங்கள் அவரை வரச் சொல்லவில்லை, பேசத்தான் சொன்னீர்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது செய்தியில் அதைத் தெளிவாகவே சொன்னீர்கள். "கண்ணு தெறக்கலண்ணா. ஆனா காது கேக்குதுன்னு டாக்டர் சொல்றாரு. நீ பேசு, நான் காதுகிட்ட வைக்கிறேன்." அது வியாழக்கிழமை.

வியாழக்கிழமை நான் கேமராக்காரனைக் கூப்பிட்டேன். நாளைக்கு வர முடியுமா என்று கெஞ்சினேன். கல்யாணம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நடக்காது என்றான். இரட்டைக் கூலி தருகிறேன் என்றும் சொன்னேன். நான் முயற்சியே செய்யவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை வந்தது மூன்றாவது செய்தி. உங்கள் அம்மாவுக்குக் கொஞ்சம் நினைவு திரும்பியிருந்தது. நீங்கள் போனை அவர்கள் வாயருகே பிடித்திருக்கிறீர்கள். மூச்சுச் சத்தம்தான் அதிகம். "அவனைத் தொந்தரவு பண்ணாதடா. வேலையில இருப்பான். சாப்பிட்டானான்னு மட்டும் கேளு."

அதை நான் நாலு தடவை கேட்டேன். பதினேழு பக்கம் வசனம் எழுதி வைத்திருந்தேன் தம்பி. அந்தப் பதினேழு பக்கத்தையும் அன்றைக்குக் கிழித்துப் போட்டேன். அப்படி ஒரு வரி எனக்கு இந்த ஜென்மத்தில் எழுத வராது.

சனிக்கிழமை விடிகாலையில், முடிந்துவிட்டது என்று நீங்கள் சொன்ன செய்தி. அதன் பிறகு பத்தொன்பது முறை கூப்பிட்டீர்கள். சத்தத்தை நான் முன்பே நிறுத்தி வைத்திருந்ததால் திரையில் வெளிச்சம் மட்டும் வந்து வந்து போனது. சாயங்காலம், எல்லாம் ஆயிற்று, நானே செய்துவிட்டேன் என்று கடைசியாக ஒன்று அனுப்பினீர்கள்.

ஒன்றை நான் கவனிக்கவில்லை. குரல் செய்தியைக் கேட்டால் அனுப்பியவருக்கு நீல நிறம் காட்டும். நான் கேட்கக் கேட்க, அங்கே உங்கள் கையில் இருந்த போனில், அண்ணன் கேட்டுவிட்டான், கேட்டுவிட்டான் என்று காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த விஷயத்தில் என் தவறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்வேன். கவனக்குறைவு.

ஞாயிற்றுக்கிழமை. எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியில் பட்டு எங்கள் ஜன்னலுக்கு வெயில் வருவது காலை பத்தேகாலிலிருந்து பதினொன்று வரைதான். கீழ்க் கட்டிலில் ஜன்னலைப் பார்த்து அண்ணனை உட்கார வைத்தேன். முகம் ஆறு நாளில் நன்றாக ஒடுங்கியிருந்தது. கேமரா ஓட ஆரம்பித்ததும் போனைக் கையில் கொடுத்தேன். வீட்டிலிருந்து செய்தி வந்திருக்கிறது, வரிசையாகக் கேளுங்கள், எழுந்திருக்க மட்டும் வேண்டாம் என்றேன். போனைக் கண்டதும் குழந்தை மாதிரி வாங்கிக்கொண்டார்.

முதல் இரண்டு செய்திக்கு உதடு லேசாக அசைந்தது. மூன்றாவதில் அம்மா குரல் வந்ததும் சிரித்தார். "சாப்பிட்டேம்மா" என்று போனுக்குப் பதில் சொன்னார். பிறகு நாலாவது. அது முடிந்ததும் போனை வலது காதிலிருந்து எடுத்து இடது காதில் வைத்து மறுபடி கேட்டார். முதல் காது தப்பாகக் கேட்டுவிட்டது என்பது போல. படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தைத்தான் சொல்கிறார்கள். எந்த நடிகனுக்கும் அது தோன்றாது.

ஆனால் அந்தச் சிரிப்பு வந்த இடத்தில் படம் கலங்கிவிட்டது என்று கேமராக்காரன் சொன்னான். அவன் கை நடுங்கியிருக்கிறது. வெயில் போக இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அண்ணன் உங்களுக்குப் போன் போட எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகில் கை வைத்தேன்.

"அண்ணே, ஒரு தடவை மட்டும். அம்மா பேசுற இடத்துல இருந்து."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு செய்தார். ஏன் செய்தார் என்று வெல்டர் பிற்பாடு என்னைக் கேட்டான். இருபத்திரண்டு வருடம் மேஸ்திரி சொன்னதைச் செய்து பழகிய உடம்பு அது, சொன்னால் செய்யும். அம்மா குரல் வந்ததும் முன்பு சிரித்த அதே இடத்தில் சிரிக்கக்கூட முயன்றார். அதனால் முதல் முறை எடுத்ததையே, கலங்கலாக இருந்தாலும், வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் உங்களைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போடுங்கள் என்றேன். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான். நீங்கள் பேசியதை உங்களுக்கே எழுதிக் காட்டுவது மரியாதை இல்லை. ஆனால் படத்தில் வருவது முழுப் பேச்சும் அல்ல என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

"எல்லாத்தையும் கேட்டிருக்க. கேட்டதா காட்டுது. கேட்டுட்டு எப்படிண்ணா சும்மா இருந்த?"

"டேய், போன் எங்கிட்ட இல்லடா."

"பின்ன யார்கிட்ட இருந்துச்சு?"

இதில் கடைசி இரண்டு வரியையும் நான் படத்தொகுப்பில் எடுத்துவிட்டேன். பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். நீங்கள் அப்படிக் கேட்டபோது அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. உதட்டில் விரலை வைத்தேன்.

அவர் பேசவில்லை. நீங்கள் ஏழெட்டு விநாடி காத்திருந்தீர்கள். பிறகு, "பொய்யாவது ஒழுங்கா சொல்லு. இனிமே எனக்கு அண்ணன்னு யாரும் கிடையாது" என்று வைத்துவிட்டீர்கள். அவர் உடனே திரும்பக் கூப்பிட்டார். நீங்கள் அதற்குள் எண்ணைத் தடுத்திருந்தீர்கள். அவரும் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். வெல்டர் கட்டிலிலிருந்து குதித்து வந்து அவரைக் கட்டிக்கொண்டான். அவன் கை உள்ளே வருகிற வரைக்கும் அந்தக் காட்சியைப் பயன்படுத்த முடிந்தது.

அண்ணன் நிமிர்ந்து பார்க்கிற அந்தப் பார்வையோடுதான் படம் முடிகிறது. போட்டியில் நடுவர் ஒருவர் அது நம் எல்லோரையும் குற்றம் சாட்டுகிற பார்வை என்று மேடையில் சொன்னார். முதல் பரிசு கிடைத்தது. அரங்கத்தில் நிறையப் பேர் அழுதார்கள். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காராத அதே ஊர்க்காரர்கள்தான். அனுபவமே இல்லாத ஒருவரை எப்படி இப்படி நடிக்க வைத்தீர்கள் என்று கேட்டார்கள். நம்பிக்கைதான் என்றேன். அதிலும் பொய் இல்லை.

பரிசுக்கெல்லாம் முன்பே, அந்த ஞாயிறு கழிந்து நாலாம் நாள், அண்ணன் என்னிடம் வந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. "நீ தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. உன் நம்பர்ல இருந்து கூப்பிட்டுச் சொல்லு. நீ சொன்னா நம்புவான்." சொல்கிறேன் என்றேன். படம் போட்டிக்குப் போக இருக்கிற நேரத்தில் இந்த விஷயம் நாலு பேர் வாயில் விழுந்தால் உழைப்பெல்லாம் வீணாகிவிடும். முடிவு வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். மேலும் மூன்று தடவை கேட்டார். கடைசியாகக் கேட்டபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன், பிறகு பேசலாம் என்று சைகை காட்டினேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. மறுவாரம் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர் போலப் போய்விட்டார். போனைக் கட்டிலிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். கேமராக்காரன் படம் எடுத்த அன்றைக்கே கூலி வாங்காமல் போனவன், திரும்பி வரவில்லை. வெல்டர் வேறு அறை பார்த்துக்கொண்டான். அவரவர் விருப்பம்.

ஆக, உங்கள் அண்ணனுக்கு எதுவும் தெரியாது தம்பி. ஞாயிறு பத்தேகால் வரைக்கும் அவரைப் பொறுத்தவரை உங்கள் அம்மா உயிரோடுதான் இருந்தார்கள். புதன் மதியத்திலிருந்து வெள்ளி இரவு வரைக்கும் எந்த நேரத்தில் நான் சொல்லியிருந்தாலும் அவர் குரல் உங்கள் அம்மா காதில் விழுந்திருக்கும். தெரிந்தேதான் சொல்லாமல் இருந்தேன். பயந்தோ மறந்தோ அல்ல. அந்த முகம் எனக்கு வேண்டியிருந்தது.

இரண்டாவது கேள்வி. அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

இங்கிருந்து பஸ்ஸில் இரண்டே முக்கால் மணி நேரம். ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. தரைத்தளத்தில் தெருவைப் பார்த்த ஒற்றை அறை. போன மாதம் போயிருந்தேன். உள்ளே போகவில்லை, என்னைப் பார்த்தால் முகம் மாறிவிடும். எதிர்ப்பக்கம் நின்று ஒரு மணி நேரம் பார்த்தேன். சட்டையைத் துவைத்துக் காய வைத்தார், ஒரு தட்டில் சாப்பிட்டார், கழுவினார். யாரும் வரவில்லை. அவர் யாரையும் எதிர்பார்த்த மாதிரியும் தெரியவில்லை. போன வருடம் நான் ஆறு நாள் பாடுபட்டு வரவழைத்த முகம் இப்போது அவருக்கு நிரந்தரமாக வந்துவிட்டது.

எனக்கு ஒரு தயாரிப்பாளர் கிடைத்திருக்கிறார். இந்தக் கதையையே ஒன்றரை மணி நேரப் படமாக எடுக்கப் பணம் போடுகிறார். முடிவு மட்டும் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. கதவு தட்டப்படுகிறது, திறக்கிறார், தம்பி நிற்கிறான். நீங்கள் மன்னிப்புக் கேட்டாலும் சரி, கட்டிக்கொண்டு அழுதாலும் சரி, நான் எதையும் சொல்லித்தர மாட்டேன். விசா, டிக்கெட் என் பொறுப்பு. அடுத்த மாதம் மூன்றாம் ஞாயிறு. அந்த அறைக்குக் காலை எட்டு மணிக்கு வெயில் வருகிறது, இந்த முறை கேமரா நல்ல கேமரா. அதற்கு முன்னால் நீங்களாக விசாரித்து அவருக்குத் தகவல் எதுவும் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை மாதம் பொறுத்தவர், இன்னும் ஐந்து வாரம் பொறுப்பார்.

கை மரத்துவிட்டது, முடிக்கிறேன். முகவரியை இதில் எழுதவில்லை. நீங்கள் வந்து இறங்குங்கள், கேமரா தயாரானதும் தருகிறேன். அதுவரைக்கும் உங்கள் அண்ணனின் முகவரி நான் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி.